பதினான்கு நாள் என்று எழுதியிருந்தது

1972 மே 9 என்று தேதியிட்ட அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்னையில் ஒரு மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வந்தது. எங்கள் ஊரான கல்லல் தபால் முத்திரை மே 13, சனிக்கிழமை. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் அவள் இதயத்தருகே மூடாமலே இருந்தது. நாலு எட்டு ஓடினால் மூச்சிரைக்கும். மழைக்காலம் வந்தால் நெஞ்சுச் சளி. நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டிவிட ஜூன் 5, திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். கீழே இரண்டு கட்டளைகள். அறுவைக்கு முந்தைய பதினான்கு நாட்கள் காய்ச்சலோ சளியோ, உடம்பில் எங்கும் புண்ணோ இருக்கக் கூடாது. என்ன நடக்கப்போகிறது என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி உண்மையாகச் சொல்லி அழைத்து வர வேண்டும்.

இரண்டையும் ஒரே நாளில் மீறினோம். மே 24, புதன்கிழமை.

ஆரம்பித்தது என் அண்ணன். "காதுல பொன் ஏறாத பிள்ளை ஒடம்புல கத்தி படக்கூடாதுடா. நம்ம வழக்கம் அது" என்றார். மூன்று வயதிலேயே குத்தியிருக்க வேண்டிய காது. எங்கள் குலதெய்வக் கோயிலில்தான் குத்துவோம். முதல் மரியாதை யாருக்கு என்று அண்ணனுக்கும் இன்னொரு பங்காளி வீட்டாருக்கும் தகராறு வந்து, கோயில் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. நோயாளிப் பிள்ளைக்காக இப்போது திறந்துவிட அந்த வீட்டார் சம்மதித்துவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னார்.

"அண்ணே, புண்ணு இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்காக."

"காது குத்துறது புண்ணாடா? ஒனக்கும் எனக்கும் குத்துனாக, செத்தா போனோம்? இங்கிலீசுல அடிச்சு அனுப்பிட்டா வேதமாக்கும்! தேதி எழுதுறதுக்குன்னே பொறந்தவன்டா நீ."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. உள்ளே வந்ததும் கேட்டாள்: "லெட்டரை நீங்கதானே படிச்சீக? அவுக முன்னாடி ஏன் வாயடைச்சு நிக்கிறீக?"

24க்கும் 5க்கும் இடையில் பன்னிரண்டு நாள்தான் என்று எனக்குத் தெரியும். தினமும் எழுதும் நாட்குறிப்பில் எண்ணிக்கூட எழுதியிருக்கிறேன். எண்ணத் தெரிந்தவன், வாய் திறக்கவில்லை.

கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மகள் கேட்டாள்: "வலிக்குமா மாமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் ஆத்தா."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். ஆசாரி ஊசியை ஏற்றியதும் கத்தினாள்: "இது எறும்பு இல்ல! இது எறும்பு இல்ல!" எல்லோருக்கும் அதுவும் வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது காதுக்கு அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் இடது காது சிவந்தது. ஆறாம் நாள் சீழ். மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார் அண்ணன், போட்டோம். ஜூன் 2ஆம் தேதி மருத்துவமனையில் சேர்க்கப் போனபோது, பெண் மருத்துவர் ஒருவர் காது மடலை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிக்கத் தெரியாதவங்களை நான் திட்டுறதில்லை" என்றார்.

அதற்கு மேல் என்னிடம் கோபப்படவில்லை. காதிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து அந்தக் குழாயில் போய் உட்கார்ந்தால் பிள்ளை பிழைப்பதே கஷ்டம் என்று மட்டும் சொன்னார். எங்கள் நாள் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. மருந்தோடு ஊர் திரும்பினோம். ஜூலையில் அவளுக்கு நிமோனியா. காரைக்குடியில் பதினொரு நாள் படுக்கை. விலா எலும்பு உள்ளே இழுத்து இழுத்து விடுவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பார்க்க வந்த அண்ணன், "சாமி தள்ளிப்போட்டுருக்கு. ஏதாச்சும் காரணம் இருக்கும்" என்றார்.

"சாமி தள்ளலை. நீங்க தள்ளுனீக. நான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றேன். முப்பத்தாறு வயதில் அவரை எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டில் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுபடி ஆகஸ்ட் 21 என்று நாள் கிடைத்தது. முதல்நாள் ஞாயிறு மாலை, வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மே மாதத்திலிருந்து நான் எது சொன்னாலும் அவள் அம்மாவைத்தான் பார்ப்பாள், நிஜமா என்பதுபோல.

"நாளைக்கு ஒன்னைத் தூங்க வச்சு, இங்குட்டு, விலாப் பக்கம் அறுப்பாக. உள்ள ஒரு குழாயைக் கட்டிட்டுத் தைச்சுருவாக. முழிச்சப்பறம் வலிக்கும். ரொம்ப வலிக்கும். நெறைய நாள் வலிக்கும்."

மனைவி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். நான் நிறுத்தவில்லை.

மகள் திரும்பினாள். "முழிச்சிருவேனா?"

"டாக்டரம்மா முழிச்சிருவன்னுதான் சொல்றாக. நானும் அப்பிடித்தான் நெனைக்கிறேன். சத்தியமாத் தெரியாது ஆத்தா."

"அப்ப நீங்க இங்கனயே இருங்க" என்றாள். அன்றுதான் மூன்று மாதத்துக்குப் பிறகு என் விரலைப் பிடித்தாள்.

முழித்தாள். வலிக்கிறது என்று அழுதாள், என்னைத் திட்டினாள், தண்ணீர் கேட்டாள். அறைக்கு வெளியே வந்து நானும் அழுதேன்.

என் கோபம் அதோடு தீரவில்லை. அண்ணன் சொன்ன அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் விசாரித்தேன். எங்கள் பங்காளிகளில் நான்கு வீட்டுப் பெரியவர்களைக் கேட்டேன். காது குத்தாமல் கத்தி படக்கூடாது என்று ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. மே 24 அன்று கோயில் திறந்ததும் முதல் மரியாதைப் பரிவட்டம் அண்ணன் தலையில்தான் கட்டப்பட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன். நோயாளிப் பிள்ளையைக் காட்டினால் அந்தப் பங்காளி வீட்டார் மறுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு அந்த வழக்கத்தை அவரே உண்டாக்கினாரா, அல்லது எங்கோ கேட்டு உண்மையிலேயே நம்பினாரா என்பதை நான் அவரிடம் கேட்கவில்லை. 1978இல் அவர் காலமானார். இது இன்றுவரை உறுதிப்படவில்லை.