ரைஸ் மில் களத்தில் ஒரு பிரெஞ்சு நாடகம்

போன வாரம் தேனியில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், என் வயதுதான் இருக்கும், துணிப்பை நிறைய மாத்திரை வாங்கிக்கொண்டு, எது எதற்கென்று கடைக்காரப் பையனுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். விளைந்த தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்து அல்ல. கடைக்குள்ளிருந்து வந்த மருந்து வாடை என்னை யுத்த காலத்துச் சின்னமனூருக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது.

அங்கேதான் எனக்கு முதல் வாத்தியார் வேலை. அதற்கு முன்னால் புதுச்சேரியில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்ததில் பிரெஞ்சு கொஞ்சம் வரும். எங்கள் பக்கம் அதை யாரிடம் பேசுவது? பெட்டிக்குள் மடித்துவைத்த கம்பளிக் கோட்டு மாதிரி கிடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பழைய சிரிப்பு நாடகம் ஒன்று மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒரு பணக்காரர், தனக்கு இல்லாத நோயே இல்லை என்று நம்பி மருந்தாகக் குடிக்கிறார். வீட்டோடு ஒரு வைத்தியர் இருந்தால் நல்லது என்று மகளை அசட்டு வைத்தியன் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். வேலைக்காரி தந்திரம் பண்ணி அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறாள். மலைக்காய்ச்சலும் அதற்கு விழுங்கும் கொயினா மருந்தின் கசப்பும் தெரியாத வீடே இல்லாத பள்ளத்தாக்கு எங்களுடையது. மருந்துக் கதை இங்கே எடுபடாமல் வேறெங்கே எடுபடும்?

என் காலை இட்லி அழகம்மாள் வீட்டில். அவர் அதற்கு முன் நாடகத்தில் குறத்தி வேஷம் கட்டியவர். அவர் பாட்டைக் கேட்கப் போடியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது குரல் கரகரத்துப்போனது. பேச வரும், பாட வராது. நாடகக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் இட்லிச்சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னேன். எத்தனை பாட்டு என்று கேட்டார். பாட்டே இல்லாமல் நடத்தலாம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்த வேலக்காரிய எனக்குக் குடுங்க வாத்தியாரே. பேச்சு எங்கிட்ட இன்னும் இருக்கு.”

இப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். பணக்காரரைப் பண்ணையார் ஆக்கினேன். அழகம்மாளோடு பல மேடை ஏறிய பபூன் மாயாண்டி, அவருக்காகவே பண்ணையார் வேஷத்துக்குச் சம்மதித்தார். நான் எழுதியிருந்ததோ செந்தமிழ். “அந்தோ, என் குடலின் நிலை யாதோ?” என்று நான் வாசிக்க, மாயாண்டி மரியாதையாகக் கேட்டிருந்துவிட்டு, பண்ணையார் செத்துப்போனாரா என்று விசாரித்தார். அத்தனையையும் கிழித்துப்போட்டு, பக்கத்தில் காதில் விழுகிற பேச்சிலேயே மறுபடி எழுதினேன். மகளாக மாயாண்டியின் தம்பி. அசட்டு மாப்பிள்ளைக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெரிதாக ஒப்பனை வேண்டியிருக்கவில்லை.

ரைஸ் மில் முதலாளி நெல் காயப்போடும் களத்தைக் கொடுத்தார். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, விளக்குக்கு வழியில்லை. அதனால் சந்தை நாளில், பட்டப்பகலில் நாடகம். பாதியில் சனம் கலைந்தால் அந்தக் களத்தில் இனி நாடகமே கிடையாது என்று சொல்லிவிட்டார். எடுபடவில்லையென்றால் மேடையை இனி நினைப்பதேயில்லை என்று அழகம்மாளும் சொல்லியிருந்தார்.

களம் நிறையச் சனம். தவிட்டு வாடை, வெயில், கூடை சுமந்து வந்த பெண்கள். மாயாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்கியபோது சிரித்தார்கள். நான் மாப்பிள்ளையாக வந்து, பெண் என்று நினைத்துப் பண்ணையாரின் காலில் விழுந்தபோதும் சிரித்தார்கள். அழகம்மாள் உள்ளே வந்ததும் வந்தது வினை.

“அழகம்மா, ஒரு பாட்டு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல். அப்புறம் களமே கேட்டது. சனத்தைக் கூட்ட உட்காரவைத்திருந்த ஆர்மோனியக்காரர் பழக்கதோஷத்தில் சுருதியைப் பிடித்துவிட்டார். தானே பாடிச் சமாளிக்கலாம் என்று மாயாண்டி எழுந்தார். அழகம்மாள் கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார். இடுப்பில் துடைப்பத்தோடு முன்னால் வந்து, சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்றார்.

“எங்க பண்ணையாரு குடிச்சு மிஞ்சின மருந்த நான் குடிச்சேன். அவருக்கு இல்லாத சீக்கு போகல. எனக்கு இருந்த பாட்டு போயிருச்சு.”

அந்தக் கரகரத்த குரல் அப்போதுதான் அவர்கள் காதில் ஏறியிருக்கவேண்டும். பிறகு எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு களம் முழுக்கப் பரவியது. இன்னும் பாட்டு கேட்டவனை ஒரு கிழவி அதட்டினாள்: “ஏலே, சும்மா இரு. அது பேசட்டும்.”

அப்புறம் ஒருவரும் பாட்டுக் கேட்கவில்லை. அழகம்மாள் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். நாடகம் முடிந்து சாக்குத் திரைக்குப் பின்னால் வந்தவர், செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். மாயாண்டி துண்டை நீட்டினார்.

முதலாளி வந்தார். “கம்பத்துலருந்து வந்தவுகளும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டாக. அடுத்த சந்தைக்கும் போடுங்க” என்றார்.

போட்டோம். பிறகு உத்தமபாளையம், கம்பம், கூடலூர். எனக்கு லீவு தீர்ந்து வேறொரு மாப்பிள்ளை வந்தார். என்னைவிட நன்றாக நடித்தார் என்று கேள்வி. அழகம்மாள் மாயாண்டியோடு ஜோடி சேர்ந்து சிரிப்பு வேஷம் கட்டிப் பல வருஷம் ஓடினார். இட்லிக்கு நான் வேறு இடம் பார்க்கவேண்டியதாயிற்று. அதில் எனக்கு வருத்தம் கொஞ்சம் உண்டு. அந்தச் சட்னி அப்படி.

களம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மாயாண்டியும் போய்விட்டார், அழகம்மாளும் போய்விட்டார். அது பிரான்சிலிருந்து வந்த கதை என்று நானும் விளம்பரம் பண்ணவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அந்த மருந்துப் பண்ணையார் கம்பத்துக்காரர் என்று கூடலூரில் அடித்துச் சொல்வார்கள். இல்லை, கூடலூர்தான், அவர் வீட்டு வேப்பமரம்கூட எங்களுக்குத் தெரியும் என்று கம்பத்தில் சொல்வார்கள். டீக்கடையில் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. அப்படிச் சண்டை போடத் தெரிந்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை.