நிலவில்லாத மூன்று நாள்

அமாவாசையன்று பிறக்கும் சீனச் சந்திர மாதத்தின் முதல் தேதியில் மலையடிவாரக் கோயில் தெருவில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஊதுவத்தி விற்பவர்களுக்கும், மிளகாய் எண்ணெய் மிதக்கும் நூடுல்ஸ் கடைகளுக்கும், டோலி தூக்குபவர்களுக்கும் மாதத்தின் அறுவடையே அன்றுதான். அந்தக் கூட்டத்தின் நடுவே கெங் ஷூலானின் கடை மட்டும் அடைத்துக் கிடக்கும். ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்ட ஏழு மரப்பலகைகள் வாசலை மூடி நிற்கும். முந்தைய இரண்டு நாளும் அப்படித்தான்.

ஷூலானின் தொழில் சூட்டு வைத்தியம். மாசிபத்திரி இலையைக் காயவைத்துப் பஞ்சுபோல் இடித்து, சுருட்டி, கொளுத்தி, வலிக்கிற இடத்துக்கு மேலே தோலைத் தொடாமல் காட்டுவாள். குப்பி வைத்துச் சதையை உறிஞ்சி இழுக்கவும் தெரியும். வளர்பிறையில் சூடு. பௌர்ணமி கழிந்தால் குப்பி. அமாவாசையை ஒட்டிய மூன்று நாள் யார் உடம்பிலும் கை வைக்க மாட்டாள். உள்ளே பாய் விரித்து, அடிவயிற்றில் கைகளை வைத்து, மூச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

டோலி தூக்கும் ஷெங்குக்கு இது பெரிய குறை. பலகை இடுக்கில் வாயை வைத்துப் பேசுவார்.

"தங்கச்சி, அந்த நிலாவுக்கு என் முதுகு மேல என்ன கோபம்? கூட்டம் வர்ற அன்னைக்குத்தான் எனக்கு முதுகு பிடிக்குது. அன்னைக்குப் பாத்து நீ கதவச் சாத்துற."

"உங்க முதுகு முப்பது நாளும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, அண்ணே. மூணு நாள எனக்கு விடுங்க."

அந்த மூன்று நாளை அவள் சும்மா பெற்றுவிடவில்லை. பதினேழு வயதில் கடலோர நகரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட், எல்லாம் நின்றபடியே. ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். வெளியே பகலா இரவா என்பது தெரியாது. ட்யூப்லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். நான்காம் வருடம் அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. மாத்திரை சாப்பிட்டால் வந்தது, நிறுத்தினால் நின்றது. லீவு கேட்கப் போனபோது மேற்பார்வையாளர் சிரித்தார். நல்லதுதானே, அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டாம் என்றார். அன்று மாலையே ஷூலான் பெட்டியைக் கட்டினாள்.

ஊருக்கு வந்து, மலைமேல் தாவோ துறவிப் பெண்கள் இருக்கும் மடத்தில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். அவர்களோடு இருட்டும்போது படுத்தாள், விடியுமுன் எழுந்து உட்கார்ந்தாள், நிலவில்லாத நாட்களில் வாயை மூடிக்கொண்டாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் துறவிகள் பயிற்சி செய்வதே மாத ரத்தத்தை நிறுத்தத்தான். இவளோ அது திரும்பி வர வேண்டும் என்று உட்கார்ந்தாள். தயங்கித் தயங்கி ஒரு துறவியிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மாள் காய்கறி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நிறுத்தணும்னாலும் முதல்ல வரணும்ல. போய் உக்காரு."

பதினோராம் மாதம் ரத்தம் திரும்பி வந்தது. ஷூலான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மடத்துப் படியில் உட்கார்ந்து அழுதாள். நிலவு செய்ததா, வேளைக்குத் தூங்கியது செய்ததா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கிறவர்களிடமும் தெரியாது என்றுதான் சொல்வாள். ஆனால் அந்த உடம்பை இன்னொரு முறை யாரிடமும் ஒப்படைப்பதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். துறவு வாங்கவில்லை. பன்றிக்கறியை விட முடியாது, பேச்சையும் விட முடியாது. மடத்து வைத்திய அறையில் தொழிலைக் கற்றுக்கொண்டு கீழே இறங்கிக் கடை போட்டாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம், எந்த அமாவாசைக்கும் பலகை திறந்ததில்லை.

போன வசந்தத்தில் தெருவைக் குத்தகை எடுத்த ஒரு கம்பெனி, பாவோ என்ற நிர்வாகியை அனுப்பியது. முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையாகப் பேசுவார். எல்லாக் கடையும் எல்லா நாளும் திறந்திருக்க வேண்டும் என்றார். முதல் தேதி கடை சாத்துவது கல்யாண வீட்டில் அடுப்பை அணைப்பதற்குச் சமம் என்றார். ஷூலான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, முடியாது என்றாள். அவள் மாசிபத்திரி பறிக்க மலைக்குப் போயிருந்த ஒரு நாளில் ஏழு பலகைகளும் காணாமல் போயின. வாசலில் புதுக் கண்ணாடிக் கதவும், மேலே இரண்டு ட்யூப்லைட்டும் இருந்தன. பலகைகள் பொதுக் கழிவறைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் கிடப்பதாக ஷெங் வந்து சொன்னார்.

அமாவாசை நெருங்கியது. மறைக்க ஒரு துணி கட்டினாள். பாவோவின் ஆட்கள் அவிழ்த்துப் போனார்கள். சரி, பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று கதவை உள்ளே பூட்டி, பாயை விரித்து, தெருவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கூட்டம் சேர்ந்தது. குழந்தைகள் கண்ணாடியைத் தட்டின. போன்கள் முதுகுக்குப் பின்னால் டிக் டிக்கென்றன. ஏழாவது மூச்சுக்கு மேல் அவளால் எண்ண முடியவில்லை. மூன்றாம் நாள் எழுந்து திரும்பியபோது வாசலில் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை: 'தாவோ தியானம் – நேரடிக் காட்சி'.

மறுநாள் பாவோ தானே ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. இனி அவள் வைத்தியமே பார்க்க வேண்டாம், புகையில் இருமவும் வேண்டாம், விரலைச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம் என்றார். வெள்ளை அங்கி கம்பெனியே தைத்துக் கொடுக்கும். தினமும் பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை உட்கார்ந்தால் போதும்.

"உங்க ஆசையும் இதுதானே, அக்கா? மூணு நாள் கேட்டீங்க. முப்பது நாளும் எடுத்துக்குங்க. சும்மா உக்காருங்க."

 ஷூலானுக்கும் வயது ஐம்பதைத் தொடப் போகிறது. குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது. ஒரு ஆரஞ்சை எடுத்து உருட்டிப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து ட்யூப்லைட்டைப் பார்த்தாள்.

"தம்பி, அன்னைக்கு என்னை நிக்க வச்சீங்க. இன்னைக்கு உக்கார வைக்கப் பாக்குறீங்க. லைட்டு அதே லைட்டுதான்."

"நான் எப்போ உங்கள நிக்க வச்சேன்?"

"நீங்க இல்ல. தொழிற்சாலையில உங்க அண்ணன் ஒருத்தர் இருந்தார். அவரும் இப்படித்தான், எனக்கு நல்லதுன்னு சொல்லிச் சிரிச்சார்."

பாவோவின் மலர்ச்சி வாடியது. அப்படியானால் மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

"எந்த மாசக் கடைசி? உங்க காலண்டர் மாசமா, என் நிலா மாசமா?"

"என் மாசம்."

"அப்ப எனக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. ஆரஞ்சை எடுத்துட்டுப் போங்க."

பத்து நாளும் வளர்பிறை. அவள் ஒரு நாள் விடாமல் சூடு காட்டினாள். பத்தாம் நாள் காலையில் ஷெங்கும் இன்னொருவரும் கிடங்கிலிருந்து பலகைகளைத் தூக்கி வந்தார்கள். டோலியில் ஏற்றிக் கட்டி, மணப்பெண்ணைக் கொண்டுபோவதுபோல் தெரு நடுவே கொண்டுபோனார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு வாயடக்கமான சவாரி கிடைத்ததில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் ஷெங்.

புது இடம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர்க் கடைக்கும் டோஃபு கடைக்கும் நடுவில். கோயில் கூட்டம் அங்கே எட்டிப் பார்க்காது. பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று ஷூலானுக்குத் தெரியும். டயர்க் கடைக்காரருக்குத் தோள்பட்டை வலி இருந்தது, அதுவரைக்கும் நல்லது.

அங்கே முதல் அமாவாசைக்கான மூன்று நாள் தொடங்கியது. விடிந்ததும் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஏழாவதையும் வைத்த பிறகு வாசலில் ஒரு சாண் இடைவெளி மிஞ்சியது. பழைய கடையின் வாசல் அவ்வளவு குறுகல். எட்டாவது பலகைக்கு அவள் எங்கே போவாள்? அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். டயர்க் கடையில் சுத்தியல் சத்தம். ஆறு, ஏழு, எட்டு என்று மூச்சு நகர்ந்தது.

பத்து மணிக்கு அந்த இடைவெளியில் வெளிச்சம் மறைந்தது.

"தங்கச்சி, ஒரு சாண் திறந்திருக்கே. நான் வேணும்னா ஒருக்களிச்சு உள்ள வந்துடுவேன். கடை திறந்திருக்கா, சாத்தியிருக்கா?"

ஷூலான் திரும்பவில்லை.

"சாத்தியிருக்கு."

ஷெங் ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் விரல்விட்டு மூன்று நாளை எண்ணினார்.

"சரி, வியாழக்கிழமை வர்றேன்" என்றார்.