அம்மா நடித்துக் காட்டிய அட்வெர்ப்

நான் ஆறாவது படித்தபோது எனக்கு ஒரே ஒரு மாணவி இருந்தாள். அவள் என் அம்மா.

ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவளை, லீடர் வேலைக்கு இன்டர்வியூ வரச் சொல்லியிருந்தார்கள். கிடைத்துவிட்டால் நைட் ஷிஃப்ட் கிடையாது. ஆனால் எப்படி வேலை செய்வாய் என்று இங்கிலீஷில் கேட்பார்களாம். 'எப்படி' என்றாலே அட்வெர்ப்தானே. அதைத்தான் நான் கரைத்துக் குடித்திருந்தேனே.

எங்கள் மிஸ் அட்வெர்பை நடிக்கவைத்துத்தான் சொல்லித்தருவார். நானும் அதே வழியில் இறங்கினேன். திங்கட்கிழமை இன்டர்வியூ. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து வல்லக்கோட்டை ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவளைக் காபி குடிக்கக்கூட விடவில்லை. "வாக் ஸ்லோலி" என்றால் கல்யாணப் பெண் மாதிரி நடந்தாள். "செக் கேர்ஃபுல்லி" என்றால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, காபி டம்ளரை நோட்டம் விட்டாள். சிரிக்காமல் செய்யச் சொல்லி அதட்டினேன்.

"இன்னாடி, எங்க சூப்பர்வைசரே பரவால்ல போல கீது" என்றாள்.

அடுத்து "ஸ்லீப் டீப்லி" என்றேன். வெறுந்தரையில் படுத்துக் கண்ணை மூடினாள். அப்படியே தத்ரூபம். வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்தது. போதும் எழுந்திரு என்றால் எழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவை இழுத்து வந்தேன்.

"எப்டி நடிக்குது பாருப்பா."

அப்பா பார்த்தார். சிரிக்கவில்லை. அம்மாவின் தலைக்கடியில் தலையணையை வைத்தார், ஃபேனைக் கூட்டினார், என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ஒருவரைப் பாராட்டத் தெரியாத மனிதர் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இன்டர்வியூவில் "ஐ செக் கேர்ஃபுல்லி" என்று சொல்லும்போதே அம்மா பழக்கதோஷத்தில் மேசைமேல் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஆபீசரின் பேனாவைப் பார்த்தாளாம். நடிக்காமல் அந்த வார்த்தை அவளுக்கு வராது. அவர்கள் சிரித்து ஓய்ந்து வேலையைக் கொடுத்தார்கள்.

நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்தேன். அம்மா நடித்ததிலேயே 'டீப்லி'க்கு மட்டும்தான் பத்துக்குப் பத்து போட்டேன் என்றும் சொல்லிக்கொண்டேன். அது ஒன்றைத்தான் அம்மா நடிக்கவே இல்லை. ஆறாவது படிக்கிற டீச்சருக்கு அது புரியவில்லை.