மாதக் கடைசியில் கேட்ட குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிந்து சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில், கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். கடலைப் பார்த்த ஓட்டல் என்றதும் பொறாமைப்பட வேண்டாம். எங்கள் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் துணி துவைக்கிற இடத்தைப் பார்த்துத்தான் திறக்கும்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கணவருக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்பதால் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் என்னைப் பார்த்ததும் "ஏதும் விசேஷம் உண்டா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் வைத்தியம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் யாரோடும் அதிகம் பழகவில்லை.

எங்கள் முதலாளிக்கு ஓட்டலைத் தவிர மதுராந்தகத்தில் ஒரு அரிசி மில்லும் உண்டு. தலைமை அலுவலகம் செங்கல்பட்டில். ஓட்டலுக்கு அரிசி மில்லிலிருந்து வரும். மில் வண்டிக்கு டீசல் எங்கள் கணக்கில் போடுவார்கள். எங்கள் காய்கறியை அவர்கள் வண்டி ஏற்றிவரும். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். மாதம் முடியும்போது அவர்கள் கொடுத்ததாக எழுதியதும் நாங்கள் வாங்கியதாக எழுதியதும் ஒத்துப்போனால்தான் அந்த மாதக் கணக்கை மூட முடியும். ஆபீஸில் இதை 'குளோசிங்' என்போம். ஒரு மாதமும் தானாக ஒத்துப்போனதில்லை.

ஒத்துப்போக வைக்க ஒரே வழி ஃபோன்தான். அந்தப் பக்கம் மில்லின் கணக்குகளைப் பார்த்துக்கொண்ட ஒரு அக்கா. இந்தப் பக்கம் நான். ஒவ்வொரு வரியாக அவர் படிக்க, நான் பார்ப்பேன். தப்பு இருந்தால் திருத்திவிட்டு, 'சரிபார்' என்ற பட்டனை இருவரும் அழுத்த வேண்டும். பழைய சாஃப்ட்வேர். அழுத்தியதும் திரையில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நின்றவுடன் வரும் தொகையை உடனே ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும் என்பதால் லைனைத் துண்டிக்கவும் முடியாது.

அந்தச் சக்கரம் சுற்றிய நேரத்தில்தான் நாங்கள் பேசினோம்.

"இன்னா தங்கச்சி, நாஸ்தா ஆச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். பின்னால் மில் ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகவே வளர்த்துக்கொண்டதுபோலப் பெரிய குரல். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அந்த வீட்டிலிருந்து முதலில் பி.காம். படித்தது தான்தான் என்று பெருமையாகச் சொல்வார். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர், இப்போது இல்லை. ஒரே மகள். பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டி மகள் அனுப்பும் குரல் செய்திகளை எனக்கு நடித்தே காட்டுவார். நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை எனக்குக் கரு தங்கி, சில வாரங்களில் கலைந்துபோனது. ஊரில் அம்மாவுக்குச் சொன்னால் அவள் அழுவாள், அவளை நான் தேற்ற வேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை. கணவர் எனக்காகத் தன் வருத்தத்தை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் எதிரே நான் எப்படி அழுவேன்? அந்த மாதக் குளோசிங்கில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஏன் என்றே தெரியாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அழுவுறியா?" என்றார்.

ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

"அழு. நான் லைன்லதான் கீறேன்."

அவ்வளவுதான். எல்லாம் சரியாகிவிடும் என்றோ, சாமிக்கு வேண்டிக்கொள் என்றோ சொல்லவில்லை. சக்கரம் நின்றதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. மறுபடி பட்டனை அழுத்த வேண்டியிருந்தது.

இத்தனை பேசியும் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. மதுராந்தகம் ஒன்றும் வெளிநாடு இல்லை. பார்க்க வேண்டும் என்று இருவருக்குமே ஏனோ தோன்றவில்லை. மாதக் கடைசி வந்தால் அக்கா வருவார், அது போதும் என்று இருந்தது.

அப்போதுதான் சாஃப்ட்வேரை மாற்றுவது என்று முடிவானது. குளோசிங் நாட்களில் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறோம் என்று சத்தமாகப் புலம்பியவர்களில் நானும் ஒருத்தி. புதிதாக வடிவமைக்க ஒரு இளம்பெண் வந்தாள். கெட்டிக்காரி. ஒரு மாதக் குளோசிங் முழுக்க என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எந்த இடத்தில் நிற்கிறோம், எங்கே பெருமூச்சு விடுகிறோம் என்பதைக்கூடக் குறித்துக்கொண்டாள்.

"மேடம், எல்லாத்தையும்விட இந்த ஃபோனுக்குத்தான் அதிக நேரம் போகுது. இது எதுக்கு?" என்று கேட்டாள்.

விளக்கினேன். அன்றன்றைக்குத் தெரிய வேண்டிய வித்தியாசம் மாதக் கடைசியில்தான் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு பாடு என்றேன். மில்லில் பில் போடும்போதே அது எங்கள் திரைக்கு வந்துவிட்டால், எங்கள் ஸ்டோரில் அரிசியை இறக்கும்போதே சரி என்று ஒப்புக்கொள்ளலாம் என்றும் நானே யோசனை சொன்னேன். அவள் கண் மலர்ந்தது. என் பேச்சை ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டு எழுதிக்கொண்டது எனக்கும் பெருமையாக இருந்தது. பிரச்சினை தீர வேண்டும் என்று மனதாரத்தான் சொன்னேன்.

வடிவம் தயாரானதும் செங்கல்பட்டு அலுவலகத்தில் கூட்டம். மில்லில் நெல் வரத்து அதிகமாக இருந்ததால் அக்காவால் வர முடியவில்லை, இணையத்தில் குரல் மட்டும் வந்தது. புதிய திரையைக் காட்டி, இனி மாதக் கடைசியில் ஃபோனே தேவையில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். எல்லோரும் கை தட்டினோம்.

"ஒருதபா போன் பண்ணிப் பேசிக்கிறது இருக்கட்டுமே கண்ணு. அதுல இன்னா கெட்டுப்போச்சு?" என்றது அக்காவின் குரல்.

"இனிமே அவசியமே வராது மேடம். உங்களுக்குத்தான் நேரம் மிச்சம்."

"செரி, செரி" என்றார் அக்கா.

புதிய முறை பழக அவர் தயங்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. கடைசி நாள், வெயில் தாழும் முன்பே திரையில் எல்லா வரியும் ஒத்துப்போய்ப் பச்சையாகிவிட்டது. மேனேஜர் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். கணவரோடு கடற்கரைக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டேன். அடுத்த மாதம் வேலை முடிந்ததும் கை தானாகவே ஃபோனை எடுத்தது. எடுத்த பிறகுதான் தெரிந்தது, கேட்க ஒன்றும் இல்லை.

இருந்தாலும் கூப்பிட்டேன்.

"சொல்லு தங்கச்சி, கணக்கு எதுனா ஒதைக்குதா?"

"இல்லக்கா, சும்மாதான்."

"சொம்மாவா? இங்க ஆளுங்க நின்னுகினு கீறாங்களே. அப்பால பேசட்டுமா?"

அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் வந்துவிட்டது. வேலை என்று ஒன்று இருந்தவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிய எனக்கு, வேலை இல்லாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. மாதங்கள் ஓடின. ஒவ்வொரு மாதக் கடைசியிலும், துவைத்த துணிகள் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். மில் ஓடும் அந்தச் சத்தத்துக்குக்கூட மனம் ஏங்கும்.

அடுத்த வருடம் ஒரு நாள் காலை. செங்கல்பட்டு டாக்டர் என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இனிமேலும் முயற்சி செய்து உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் அம்மா, என்றார் மென்மையாக. கணவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். கல்பாக்கம் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் அதில் ஏறவில்லை. பக்கத்தில் மதுராந்தகம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

விசாரித்து மில்லுக்குப் போனேன். வாசலில் நெல் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அலுவலக அறையில் குள்ளமாக, ஒல்லியாக, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலுக்கு நான் கற்பனை செய்து வைத்திருந்த பெரிய உருவத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

நிமிர்ந்து பார்த்து, "இன்னா வோணும் மேடம்?" என்றார்.

"அக்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். எழுந்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி!" என்றார். என் முகத்தையே பார்த்தார். வேறு எதையும் கேட்காமல், அடுத்த மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்ததும் இருவருக்கும் பேச்சு வரவில்லை. எவ்வளவோ பேசியவர்கள், முகத்தைப் பார்த்ததும் யாரோ எவரோ மாதிரி ஆகிவிட்டோம். "டீ குடிக்கிறியா?" என்றார். "வேண்டாங்க்கா" என்றேன். அவரிடம் நான் அதற்கு முன் 'வேண்டாங்க' என்ற தோரணையில் பேசியதே இல்லை.

கடைசியில் அவர்தான் சிரித்தார். "ஒன் மூஞ்சப் பாத்தா எனுக்குப் பேச்சு வர்ல. அந்தாண்டப் பாத்துகினு சொல்லு."

இருவரும் ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தோம். சொன்னேன். டாக்டர் சொன்னது, இனி இல்லை என்பது, வீட்டில் ஒரு அறையை எதற்காகவோ காலியாகவே வைத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. முதுகில் மட்டும் அவருடைய கை இருந்தது. நான் அழுது முடிக்கும்வரை அது நகரவில்லை.

பிறகு அவர் தன் பாட்டுக்குச் சொன்னார். "மாசக் கடைசி ஆனா நானும் போனப் பாத்துகினே இருப்பேன்."

"நீங்க கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"நீ பெரிய ஓட்டல்ல கீற. வேலையும் இல்லாம இன்னான்னு கூப்புடறது?" ஏரியைப் பார்த்தபடியே, "சில மாசம் கணக்கு எங்க ஒதைக்குதுன்னு எனுக்கு மொதல்லியே தெரிஞ்சிடும். சொல்ல மாட்டேன். சொன்னா நீ போன வெச்சிடுவியே" என்றார்.

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. சக்கரம் சீக்கிரம் நின்றுவிட்ட நாட்களில் நானும் ஏமாற்றமாக உணர்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

சாப்பாட்டு நேரம்வரை அங்கேயே இருந்தோம். புறப்படும்போதுதான் அக்கா தன் செய்தியைச் சொன்னார். மகளுக்குப் புனேவில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாக விட மனமில்லை. வேலையை விட்டுவிட்டு அவளோடு போகிறார், அடுத்த மாதமே. இதை முதலிலேயே சொன்னால் நான் என் துக்கத்தைச் சொல்லாமல் போய்விடுவேன் என்று அடக்கி வைத்திருந்திருக்கிறார். என்னை பஸ் ஏற்றிவிட்டு, வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போதும் பேசுகிறோம். இல்லை என்று சொல்ல முடியாது. புனே குளிர் எலும்பு வரை ஏறுகிறது என்பார். காய்கறிக்காரியிடம் இந்தியில் பேரம் பேசியதை நடித்துக் காட்டுவார். அடுப்பில் ஏதாவது வைத்திருப்பார், அல்லது மகள் கூப்பிடுவாள். நல்லாக் கீறியா, நல்லா இருக்கேன் என்று முடிந்துவிடும். வேறு எதற்காகவோ காத்திருந்தபோது தானாக வந்த அந்தப் பேச்சு, பேச வேண்டும் என்று உட்கார்ந்தால் வருவதில்லை.

புதிய சாஃப்ட்வேரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பிரிவில் இப்போது ஒரு பெண் நிறைமாதமாக இருக்கிறாள். மாதக் கடைசியிலும் பொழுதோடு வீடு போய்ச் சேருகிறாள். அவளைப் பார்க்கும்போது நாம் செய்தது நல்ல வேலைதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் மேஜையை விட்டு எழுந்து போக எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகிறது. வீணாகப் போகிறது என்று நானே சுட்டிக்காட்டி ஒழித்த அந்த நேரத்தில்தான் என்னை ஒருவர் முழுதாகக் கேட்டார் என்று தெரிந்த பிறகு, யாராவது "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொன்னால் கையிலிருக்கும் வேலை எதுவானாலும் என்னால் ஃபோனை வைக்க முடிவதில்லை.