‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ நின்ற கச்சேரி

காரணத்தைச் சொல்லாமல் கேட்கப்படும் மன்னிப்பு, மன்னிப்பாகுமா?

சென்ற வருடம் வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல், கோமாரியில் ஒரு வீட்டு வாசற் படலைக்கு வெளியே, கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புடன் நின்றபோதுதான் இந்தக் கேள்வி என்னை வந்து பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய நாள்வரை, மன்னிப்புக் கேட்கும் அறிவித்தல் ஒன்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர் கல்முனையில் எவரும் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

நான் ஓர் அரச அலுவலகத்தில் பணிபுரியும் பட்டதாரி. ஊர் கல்முனைக்குடி. பல்கலைக்கழக விடுதியில் தொற்றிக்கொண்ட ரொக் இசைப் பைத்தியம் வேலை கிடைத்தும், திருமணமாகியும் தெளியவில்லை. தெளியாததற்கு என் மச்சானும் ஒரு காரணம். மனைவியின் தம்பியான அவன் பாடுவான், கிற்றாரும் வாசிப்பான். கோமாரியைச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் ட்ரம்ஸ் வாசிக்க, இன்னும் இருவர் சேர்ந்து நால்வராக ஒரு குழு நடத்தினார்கள். ஆறேழு வருடம் கொட்டில்களிலும் நண்பர்களின் மாடிகளிலும் வாசித்த பிறகு, தங்கள் எட்டுப் பாடல்களை வினைல் இசைத்தட்டாக வெளியிடத் துணிந்தார்கள். வெளிநாட்டில் அச்சழுத்தப்பட்ட நூறு தட்டுகள் வெறும் வெள்ளைக் காகிதப் பைகளில் வந்திறங்கின. அவற்றுக்கு உறை செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இசைத்தட்டின் உறை என்பது ரசிகர்களிடையே மார்க்கப் பிரச்சினைக்குக் குறையாத விடயம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி மூன்று வாரம் விவாதம் நடந்தது. புத்தகம்போல விரியும் இரட்டை மடிப்பு வேண்டும் என்றார் ஒருவர். பாடல் வரிகள் தனித்தாளில் இருக்கவேண்டும், உறையின் உட்புறத்தில் அச்சிட்டால் வாசிப்பதற்குக் கழுத்து முறியும் என்றார் இன்னொருவர். நான் ஒரே ஒரு விடயத்தில் உறுதியாக நின்றேன்: பொலித்தீன் கூடாது. ஆமைகள் முட்டையிட வரும் கரையில் வெளியிடப்படும் தட்டை மெல்லிய பொலித்தீனில் சுற்றி விற்பது முறையல்ல என்று நீண்ட பதிவொன்று இட்டேன். அதற்குக் கண்டியிலிருந்து ஒரு ரசிகர் பதில் எழுதினார். ஐந்நூறு தட்டுகளுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும் மனிதர். “ஆமையை நீங்கள் காப்பாற்றுங்கள். உப்புக் காற்றிலிருந்து தட்டை யார் காப்பாற்றுவது?” என்று கேட்டிருந்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கல்முனையில் கேக் பெட்டியும் கலியாணக் கார்ட்டும் அடிக்கும் அச்சகம் ஒன்றில் கனமான அட்டை வாங்கி, அங்கேயே அச்சிட்டோம். பின்னட்டையின் அடியில் ஒரு வாக்கியத்தை நானே எழுதிச் சேர்த்தேன். இந்த இசைத்தட்டு கோமாரிக் கடற்கரையில் நடைபெற்ற திறந்தவெளிக் கச்சேரியில் வெளியிடப்பட்டது என்பதே அது. கச்சேரி நடப்பதற்கு முன்னமே ‘நடைபெற்ற’ என்று எழுதலாமா என மச்சான் கேட்டான். பத்து வருடம் கழித்து வாசிப்பவருக்கு அது இறந்த காலம்தானே என்று விளக்கம் கொடுத்தேன். கச்சேரிக்கு நான்கு நாள் முன்பு குழுவினர் அனைவரும் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, என் மனைவி ஊற்றிக் கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்தபடி நூறு உறைகளையும் ஒட்டி முடித்தோம். ட்ரம்ஸ் வாசிப்பவர் மட்டும் உடம்பு அலுப்பாக இருக்கிறதென்று நேரத்தோடு கிளம்பிவிட்டார்.

கடற்கரையில் இடம் தந்தது கோமாரி மீனவர் சங்கம். வேறு மூன்று ஊர்களில் கேட்டு, கிடைக்காமல்போன பிறகு கிடைத்த இடம் அது. தோணிகளை ஒருபக்கம் ஒதுக்கி, தங்கள் மின்பிறப்பாக்கியையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை பின்நேரம் கச்சேரி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் ட்ரம்ஸ்காரரின் அக்காவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தம்பியின் கைபேசி அணைத்திருக்கிறது, மச்சானின் இலக்கம் கிடைக்கவில்லை, அதனால்தான் உங்களுக்குக் கோல் எடுக்கிறேன் என்றார். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. காதில் பாதி காற்று, பாதி அவர் குரல்.

“அம்மா வந்திருக்கா தம்பி. இவன் இனி ரெண்டு கிழமைக்கு வெளிக்கிட ஏலாது. அவ குளிந்து போகுமட்டும் வீட்டோடதான். நீங்களும் ஆரும் இஞ்சால வந்திராதீங்க.”

எனக்கு நிலைமை உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். அவர்களுடைய தாய் ஆறு வருடமாகக் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். மகன் ட்ரம்ஸ் அடிப்பது அவருக்கு அறவே பிடிக்காது என்பதையும், தகரம் தட்டவா நான் பாலைவனத்தில் உழைக்கிறேன் என்று தொலைபேசியில் ஏசுவார் என்பதையும் ட்ரம்ஸ்காரரே எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட தாய் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறார், கோபத்தில் கொதிக்கிறார், அந்தக் கோபம் குளிரும்வரை மகனுக்கு வீட்டுக் காவல். இதில் எந்த இடத்தில் சந்தேகம் வரும்?

மாற்று ட்ரம்ஸ்காரர் கிடைக்கவில்லை. கச்சேரி நின்றது. அறிவித்தல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஜும்ஆவுக்கு முன் அரை மணி நேரம் யோசித்தேன். கடல் கடந்து உழைக்கும் ஒரு தாயை ஆயிரம் பேர் முன்னிலையில் வில்லியாக்கலாமா? ஒரு குடும்பத்தின் உள்வீட்டு விவகாரம் முகநூலுக்கு வரலாமா? கூடாது என்று முடிவு செய்தேன். எதிர்பாராத, தவிர்க்க முடியாத காரணங்களால் நிகழ்ச்சி இரத்துச் செய்யப்படுகிறது என்றும், ஏற்படும் அசௌகரியங்களுக்கு மனம் வருந்துகிறோம் என்றும் எழுதினேன். அலுவலகத்தில் பலமுறை எழுதிப் பழகிய வாக்கியம். எவரையும் புண்படுத்தாத வாக்கியம் என்ற திருப்தியோடு பள்ளிவாசலுக்குப் போனேன்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது அந்த வாக்கியத்துக்குள் ஊரே குடியேறியிருந்தது.

இரத்தான கச்சேரிகளைப் பற்றி ரொக் ரசிகர்களுக்கு இருக்கும் அபிப்பிராயங்களை அன்றுதான் முழுமையாக அறிந்தேன். ஆட்கள் சேராவிட்டால் இப்படித்தான் எழுதுவார்கள் என்றார் ஒருவர். பாடகருக்குத் தொண்டை போயிருந்தால் அதைச் சொல்லியிருப்பார்கள், ஆகவே தொண்டை நன்றாக இருக்கிறது, குழு உடைந்துவிட்டது என்று துப்பறிந்தார் இன்னொருவர். இவற்றையெல்லாம் சிரித்துக் கடந்திருக்கலாம். ஆனால் மாலையாகும்போது கருத்துகள் வேறு பக்கம் திரும்பின. பள்ளிவாசலால் தடை வந்திருக்கும் என்று ஒருவர் எழுத, இல்லை, கோயில் சடங்கைக் காட்டி மீனவர் சங்கம்தான் இடத்தை மறுத்திருக்கும் என்று மற்றவர் எழுத, எங்கள் முகநூல் பக்கத்தில் இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டத் தொடங்கின. எழுதியவர்களில் பாதிப்பேர் கோமாரியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

அன்று மாலையே சங்கத் தலைவர் மச்சானுக்கு எடுத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். “நாங்க எப்ப தம்பி தடுத்த? நீங்க காரணம் சொல்லாட்டி, நாங்கதான் காரணம் எண்டு ஆகுது” என்று மட்டும் சொன்னார். இனிமேல் வெளியாருக்குக் கடற்கரை கொடுப்பதில்லை என்று சங்கத்தில் கதைக்கிறார்களாம். இடம் தரச் சம்மதித்த ஒரே ஊரும் கைவிட்டால் குழு மறுபடி கொட்டிலுக்குள்தான்.

ஆகவே தாயையே நேரில் கண்டு கதைத்து, ஒரு நாளைக்கு மட்டும் மகனை விடுங்கள் என்று மன்றாடுவதென்று முடிவெடுத்தோம். வரவேண்டாம் என்று அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் பெரிய காரியத்துக்காகச் சிறிய மரியாதைக்குறைவு பொறுக்கத்தக்கது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை வாடகை வான் ஒன்றில் மஸ்கட்டும், தாய் சம்மதித்தால் அன்றே வெளியிட நூறு இசைத்தட்டுகளும், நானும், மச்சானும். கண்டி ரசிகர் இன்னும் ஆறு ரசிகர்களோடு அறிவித்தலைப் பார்க்குமுன்பே பஸ் ஏறிவிட்டிருந்தார். அக்கரைப்பற்றில் நின்ற அவர்களையும் ஏற்றிக்கொண்டோம். வழிநெடுகிலும் தாயிடம் பேசவேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். கலையும் இளைஞர் சமூகமும் என்ற பொருளில் ஏறத்தாழ ஒரு விரிவுரை தயாராகிவிட்டது.

படலையில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. கோயில் சடங்கு மாதம்தானே, எல்லா வீட்டிலும் கட்டுவார்கள் போலும் என்று எண்ணியபடி கூப்பிட்டேன். அக்கா உள்ளிருந்து ஓடிவந்து, தூரத்திலேயே கையை நீட்டித் தடுத்தார்.

“அங்கயே நில்லுங்க தம்பி. வர வேணாம் எண்டு சொன்ன எல்லோ?”

“கோவிக்காதீங்க அக்கா. அம்மாவக் கண்டு ரெண்டு வார்த்தை கதைச்சிட்டுப் போயிருவம். அவவுக்கு மஸ்கட்டும் கொண்டு வந்திரிக்கம்.”

அவர் மஸ்கட் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையாக நின்ற கறுப்புச் சட்டை ரொக் ரசிகர்களைப் பார்த்தார்.

“எந்த அம்மாவ? அம்மா குவைத்தில எல்லோ இருக்கா.”

யன்னலுக்குள்ளிருந்து ட்ரம்ஸ்காரரின் குரல் வந்தது: “அண்ணன், எனக்கு அம்மாள் வந்திருக்கு. அம்மாள்!”

முகமெல்லாம் கொப்புளம். உடம்பில் ஒரு வெள்ளைத் துணி. வைத்தியர் சின்னம்மை என்பதை அவர்கள் அம்மாள் என்பார்கள். நோய் தணிவதைத்தான் அவ குளிந்து போவது என்கிறார்கள். கல்முனைக்குடியில் பிறந்த எனக்கு அந்தச் சொல் தெரியாததல்ல. காற்று கடைசி எழுத்தைக் கொண்டுபோனது, மிச்சத்தை என் கற்பனை நிரப்பியது. மச்சான் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “மச்சான், அவ்வளவு பெரிய அறிவித்தல் எழுதினீங்க, ஒரு ‘ள்’ கேக்கல்லயே உங்களுக்கு” என்றான். அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும், ஏன் காரணத்தைப் போடாமல் விட்டீர்கள் என்று அவர் கேட்டார். குடும்ப விடயத்தை வெளியே சொல்லக்கூடாதே என்றேன். அவர் வேப்பங்கொத்தைக் காட்டினார்.

“சொல்றதுக்கு என்ன வெக்கம் தம்பி? இதை என்னத்துக்குக் கட்டியிருக்கம்? றோட்டால போறவனுக்கும் விளங்கத்தானே.”

அவர்கள் வீட்டு அறிவித்தலில் எழுத்தே இல்லை, காரணம் இருந்தது. என்னுடையதில் எழுத்து மட்டும்தான் இருந்தது. அத்தோடு இன்னொன்றும் உறைத்தது. தாய் வந்துவிட்டார் என்று வெள்ளிக்கிழமையே நான் எழுதியிருந்தால், அவரை அறிந்த எவராவது ஐந்து நிமிடத்தில் என்னைத் திருத்தியிருப்பார்கள். உறை ஒட்ட வந்தவர்களும் தொற்றியிருக்குமோ என்று ஒரு நாள் முன்னதாகவே எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள். மறைத்ததால் பிழை பிழையாகவே இருந்துவிட்டது. உடனே என் மனைவிக்கு எடுத்தேன். அவளுக்குச் சிறுவயதிலேயே வந்து போயிற்றாம். மச்சானுக்கு வந்ததா என்று கேட்டேன். அதை உம்மாவிடம்தான் கேட்கவேண்டும் என்றாள்.

படலையில் நின்றபடியே புதிய அறிவித்தலை எழுதினேன். எங்கள் ட்ரம்ஸ்காரருக்கு அம்மாள் வருத்தம், அதனால்தான் கச்சேரி இல்லை, நான் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு மறைத்துவிட்டேன், பள்ளிவாசலோ கோயிலோ சங்கமோ எவரும் தடுக்கவில்லை. ‘ள்’ கதையையும் ஒளிக்காமல் சேர்த்தேன். பிறகு நேரே சங்கக் கட்டடத்துக்குப் போய், தலைவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இம்முறை காரணத்தோடு. அவர் கைபேசியில் என் பதிவை வாசித்து முடித்துவிட்டு, “அம்மாள் எண்டா ஆர் தம்பி என்ன செய்யிற? குளிந்தாப் பிறகு வாங்க, கடல் இஞ்சதான் இரிக்கும்” என்றார். மஸ்கட்டைச் சங்கத்துக்கே கொடுத்தோம்.

மிஞ்சியது உறைகளின் பிரச்சினை. நடக்காத கச்சேரியை நடந்ததாகச் சொல்லும் நூறு பின்னட்டைகள். கடற்கரையில், பூவரசு நிழலில் அமர்ந்து ரசிகர்கள் அதைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். அந்த வரியின்மேல் தாள் ஒட்டலாம் என்றார் ஒருவர். தொடவே கூடாது, பிழையோடு வந்த தட்டுக்குத்தான் மதிப்பு என்றார் வேறொருவர். கடைசியில் ஒவ்வொரு உறைக்குள்ளும் கையால் எழுதிய ஒரு துண்டு வைப்பதென்று தீர்மானமானது: “பின்னட்டையில் உள்ளது நடக்கவில்லை. அம்மாள் வந்திருந்தா.” அந்த ஏழு பேரும் அங்கேயே இருந்து நூறு துண்டுகளையும் எழுதி முடித்தார்கள். கண்டி ரசிகர் தன் தட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, தான் சேர்த்தவற்றில் இதுதான் சிறந்த உறை என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து அதற்குள் போட்டார்.

உறை ஒட்டியதிலிருந்து சரியாகப் பதினைந்தாம் நாள் மச்சானுக்கும் கொப்புளம் போட்டது. புதிதாக நாள் குறித்திருந்த கச்சேரி இரண்டாம் முறையும் நின்றது. இம்முறை அறிவித்தலின் முதல் வரியே காரணம்தான். ஊகம் எழுத ஒருவரும் இல்லை. வேப்பிலை, மஞ்சள், இளநீர் என்று பக்குவம் சொல்லித்தான் நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். மூன்றாம் முறை கோமாரிக் கடற்கரையில், சங்கத்தின் மின்பிறப்பாக்கி உறுமலோடு எட்டுப் பாடல்களும் ஒலித்தன. குவைத்திலிருந்து அந்தத் தாயும் கைபேசியில் பார்த்தாராம். தகரம் நன்றாகத்தான் தட்டுகிறான் என்றாராம்.

ஒருவரைக் காப்பதாக எண்ணி நான் விட்ட வெற்றிடத்தை மற்றவர்கள் எதைக்கொண்டு நிரப்புவார்கள் என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது அலுவலகத்தில் ஒரு கூட்டமோ நடமாடும் சேவையோ தள்ளிப்போனால், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஏன் என்பதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். தொலைபேசியில் ஏசுபவர்கள் குறைந்துவிட்டார்கள், சுகமாகிவிட்டதா என்று விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.