பரிபூரணம் டீச்சர் குடியிருந்த வீடு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே எந்த வீடு விலைக்கு வந்தாலும் பீர் மைதீன் காதுக்கு எட்டாமல் போகாது. முப்பது வருஷமாக வீட்டு புரோக்கர். சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர், எந்த மூலையில் மழை ஒழுகும், எந்த அறையில் அண்ணன் தம்பி பேச்சு முறிந்தது என்பது வரை சொல்லிவிடுவார். அதில் பாதி பொய் என்று தள்ளினாலும், மீதிப் பாதியே ஆளை மிரட்டப் போதும்.

இப்போது வீடு வாங்குகிறவர்கள் நேரில் வருவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் வீடியோ கேட்கிறார்கள். பார்த்ததும் முதல் கேள்வி, "ஏன் பூட்டிக் கெடக்கு?" ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று ஊரே முடிவு கட்டிவிடும். பெங்களூரில் இருக்கும் சுப்புராஜ் விற்கச் சொன்ன ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு, அப்படித்தான் விலைபோகாமல் கிடந்தது.

அதற்காகப் பீர் மைதீன் ஒரு வேலை செய்தார். வாசலில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. கொடியில் ஒரு நீலச் சேலை. அடுப்பின் மேல் ஒரு குக்கர். கேட்டவர்களிடம், "பரிபூரணம் டீச்சர் வாடகைக்கு இருக்காங்க. ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. நல்ல மாதிரி. தண்ணிக் கஷ்டமே இல்லைன்னு வாய் ஓயாம சொல்லுவாங்க" என்பார். அப்படி ஒரு டீச்சர் பிறக்கவே இல்லை. பெயர்கூட, அந்த நேரத்துக்கு அவர் நாக்கில் வந்து உட்கார்ந்த பெயர்தான்.

இரண்டு வருஷம் கழித்துப் பலித்தது. கிருஷ்ணன்கோவிலில் வேலை பார்க்கும் பியூலாவுக்கு வீடு பிடித்துவிட்டது. மம்சாபுரத்தில் இருந்த அப்பா வீட்டை விற்று இதை வாங்குகிறாள். அதை விற்றுக் கொடுத்ததும் பீர் மைதீன்தான். வெள்ளிக்கிழமை பத்திரம். ஞாயிற்றுக்கிழமை, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவோடு பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

புதன்கிழமை பியூலா போன் செய்தாள்.

"பாய், நேத்து சாயங்காலம் வீட்டுப் பக்கம் போனேன். டீச்சர் உள்ள கூப்பிட்டு அடுப்படி எல்லாம் காட்டுனாங்க. ஆனா காலி பண்ணச் சொல்லி யாருமே சொல்லலைங்காங்க. எங்க அம்மாவைத் தூக்கிட்டு நான் எங்க போக?"

"நீ வேற ஏதாவது வீட்டுக்குப் போயிருப்பம்மா."

"நீலச் சேலை கட்டியிருந்தாங்க பாய்."

பீர் மைதீன் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

மறுநாள் உச்சி வெயிலில் போனார். எதிரே துணி தேய்க்கும் வண்டி போட்டிருக்கும் ஆண்டிச்சாமி சிரித்தான்.

"என்ன பாய், டீச்சரைப் பாக்கவா? இப்பத்தான் உள்ள போனாவ."

"ஏலே, வெயில்ல மூளை காஞ்சிருச்சா?"

"எனக்கா? குடிவச்ச ஆளையே மறந்துட்டு நிக்கிய!"

புதிதாக வாங்கிப் போட்ட செருப்பு, குதிகால் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே அவர் போட்டிருந்த பூட்டைக் காணோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குக்கர் ஒரு விசில் விட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவதுக்கு யாரோ நடந்து போய் அடுப்பை அணைத்தார்கள்.

"யாரு?"

ஓதத் தெரிந்த துஆ எல்லாம் மறந்துபோய், பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "புரோக்கர் பீர் மைதீன்ம்மா. வீட்டைக் காலி பண்ணணும். நாளைக்குப் பத்திரம்."

"நீங்கதான பாய் குடிவச்சீங்க? ரெண்டு வருஷமா வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் நான் இருக்கேன், இருக்கேன்னு சொன்னீங்க. இப்ப இல்லாமப் போன்னா, எங்க போவேன்?"

குரலில் கோபமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையனிடம் வீட்டுப்பாடம் கேட்கிற குரல்.

ஓடிவிடலாம். ஓடினால் படுத்த கிழவியோடு பியூலா இந்த வாசலில்தான் வந்து நிற்பாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரைக் காலி செய்ய வைத்தவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: வேறு வீடு காட்டாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். படியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி வீடு வேணும் டீச்சர்?"

"சின்னதாப் போதும். தண்ணிக் கஷ்டம் இருக்கக் கூடாது."

மகாராஜபுரத்தில் ஒன்று சொன்னார். தூரமாம். ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்தில் ஒன்று சொன்னார். சங்குச் சத்தம் ஆகாதாம். கடைசியில், டீச்சரைப் பெற்றெடுத்த அதே வாய் சொல்லிவிட்டது. "எங்க வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு. பையன் யாசின் துபாய்ல இருக்கான்."

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே ஆள் இல்லை. தரை துடைத்த ஈரம் காயவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த குக்கரைத் தொட்டார், சுட்டது. செருப்பு, சேலை, குக்கர் மூன்றையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். ஆண்டிச்சாமி ஓடிவந்து, தேய்த்த பச்சைச் சேலை ஒன்றைப் பைக்குள் திணித்தான். "இதை மறந்துட்டாவ பாய்." பீர் மைதீன் வாங்கி மாட்டியது ஒரே ஒரு சேலைதான்.

பின் சீட் மெல்ல அழுந்தியது. ராஜபாளையத்தில் அவர் வீடு வரை எம்புட்டு முறுக்கியும் வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பியூலா ஜெபம் பண்ணி, பால் காய்ச்சி, அம்மாவை ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுக் கூப்பிட்டாள். "டீச்சர் வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சுட்டுப் போயிருக்காங்க பாய். நல்ல மனுஷி."

பையை மாடியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பீர் மைதீன், மனைவி நூர்பானுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு எந்த வீட்டைப் பற்றி யார் கேட்டாலும், "பூட்டுன வீடுதான். உள்ள ஒருத்தரும் கெடையாது" என்று அடித்துச் சொன்னார்.

பத்து நாள் போயிருக்கும். மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, அடுப்படியில் நூர்பானு தங்கச்சியோடு போனில் பேசுவது கேட்டது.

"மாடிக்கு ஆள் வந்திருக்காங்கட்டி. டீச்சராம். நல்ல மாதிரி. தண்ணிக் கஷ்டமே இல்லைன்னு வாய் ஓயாம சொல்லுதாங்க."

பீர் மைதீன் ஈரக் கையோடு சட்டைப் பையைத் தடவினார். சாவி அங்கேயேதான் இருந்தது.