மிதிக்காமல் ஓடிய சைக்கிள்

முப்பத்து நான்கு வயதில் எனக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். மாணவர்களுக்கு லென்சுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது மதுரை ஆஸ்பத்திரியின் மின்விசிறி.

இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது, லைசென்சும் கிடையாது என்றார் டாக்டர். தலையாட்டினேன். வருத்தப்பட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கொடுத்த வலிப்பு மாத்திரைகளைப் போட ஆரம்பித்த பிறகு, எது நடந்தாலும் அது எனக்கு நடப்பதாகத் தோன்றவில்லை. என் மொபெட்டை மச்சினன் ஓட்டிக்கொண்டு போன அன்று வாசலில் நின்று பார்த்தேன். பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் சைக்கிள் இருந்தது. ஆனால் கல்லூரிக்குப் பாதி வழி மிதிப்பதற்குள் கால் துவண்டுவிடும். சைக்கிளுக்கு மோட்டார் வைக்க நினைத்தது பெரிய ஆசையால் அல்ல. சாயங்காலங்களில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கார் பட்டறை வைத்திருந்த பாயிடம் ஒரு ரேடியேட்டர் விசிறியின் மோட்டார் கிடைத்தது. அதன் அச்சில் சின்ன உருளை ஒன்றைச் செருகி, பின் டயரை அழுத்துமாறு பொருத்தினேன். உருளை சுற்றினால் சக்கரமும் சுற்றும். கேரியரில் கார் பேட்டரி. ஹேண்டில்பாரில் சுவிட்ச்.

என் மனைவி கான்வென்டில் டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"கீழ விழுந்தா அந்த பேட்டரியும் சேந்து மேல விழுகும். தெரிஞ்சுதான் செய்றீகளா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"இதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாக. சைக்கிள்தானே."

அவள் அடுத்த தாளை எடுத்தாள். சிவப்புப் பேனா தாளில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சைக்கிள் ஓடியது. மிதிக்காமல் போகிறவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதில் பெருமை ஏதும் வரவில்லை. எங்கள் ஊர் அஞ்சு விளக்கு முக்கில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நம்பர் பிளேட்டு எங்க?"

"சைக்கிளுங்க."

சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "எனக்குத் தெரியல. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து ஓட்டுங்க."

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசலுக்கு வந்து பார்த்த இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. குனிந்து உருளையைத் தொட்டுப் பார்த்தார்.

"மிதிக்காம போகுமா?"

"போகும் சார்."

"அப்ப இது மோட்டார் வண்டி. பதிவு பண்ணணும். எந்தக் கம்பெனி, இன்ஜின் நம்பர் என்னன்னு கேப்பாக. இருக்கா?"

"இல்ல."

"உங்க லைசென்ஸ்?"

"வலிப்பு இருக்கு சார். தர மாட்டாகன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"மோட்டாரக் கழட்டிருங்க. கழட்டிட்டா நான் கேக்க ஒண்ணுமில்ல."

"மிதிச்சுப் போறப்ப வலிப்பு வந்தா?"

"அது எங்க சட்டத்துல வராது" என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். உள்ளே போய் ஸ்பேனர் வாங்கி வந்து கொடுத்தார்.

அங்கேயே உட்கார்ந்து கழற்றினேன். மோட்டாரை ஒரு துணிப்பையில் போட்டு, பேட்டரியோடு மிதித்துக்கொண்டு வீடு வந்தேன். அதே ரோடு, அதே லாரிகள். இப்போது நான் சட்டப்படி போய்க்கொண்டிருந்தேன். மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நாளையில இருந்து பஸ்ல போங்க" என்றாள். சரி என்றேன்.

டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் மறுபடி வலிப்பு வந்தது. கண் விழித்தபோது அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்தேன். வலது கை இறுக மூடியிருந்தது. உள்ளங்கையில் ஏதோ குத்தி வலித்தது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸுல உங்களுக்கு இழுத்துச்சு. இரும்பு வேணும்னு கத்துனாக, என் வீட்டுச் சாவிய உங்க கையில வச்சுட்டேன்" என்றார். "விரலப் பிரிக்கவே முடியல. அதான் கூடவே வந்துட்டேன்."

விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். நான்கைந்து சாவிகள். அவற்றின் பற்கள் தோலில் அப்படியே பதிந்திருந்தன. ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும். இப்ப எப்படி இருக்கீக?"

"கை வலிக்குது" என்றேன்.

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டு, என் வீட்டிலிருந்து ஆள் வரும்வரை இருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தே இருந்தார்.